சிக்கன விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை

சிக்கனத்தைப் போலச் செலவு வைக்கிற சமாச்சாரம் உலகத்திலேயே கிடையாது. நம்பாதவர்கள் ஏதாவது ஒரு அரசாங்க ஆபீஸில் சிக்கன விழா நடத்திப் பார்க்கலாம். நான் நடத்தியிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதுசு. கஜானா காலி என்று மேலிடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் தினக்கூலி டைப்பிஸ்ட். (வெளியில் கேட்டால் கவர்மென்ட் உத்தியோகம் என்றுதான் சொல்வேன். கவர்மென்ட் ஃபேனுக்குக் கீழேதானே உட்கார்ந்திருந்தேன்!) திருவாதவூர் மாமா தன் மகள் செல்வியை எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். கண்டிஷன் ஒன்றே ஒன்றுதான்.

"பர்மனென்ட் ஆகிட்டு வாங்க மாப்ள. மறுநாளே பந்தக்கால் ஊன்றிருவோம்."

அந்த நேரம் பார்த்துச் சிக்கன உத்தரவு வந்து சேர்ந்தது. முதல் பலி என் தலைக்கு மேலிருந்த ஃபேன். அடுத்தது சாயங்கால டீ. பேனா கேட்டால் பழைய ரீஃபிலைக் காட்டச் சொன்னார்கள். வியர்வை சொட்டச் சொட்ட டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் சூப்பிரண்டு கூப்பிட்டார்.

"தம்பி, மெட்ராஸ்லருந்து பெரிய அதிகாரி வாராரு. சிக்கன விழிப்புணர்வு விழா எடுக்குறோம். பொறுப்பு பூராம் ஒன்னோடது. தல்லாகுளமே அதிரணும்."

"எம்புட்டு சார் செலவு பண்ணலாம்?"

"சிக்கனத்துக்குச் செலவு பண்றதுக்குப் போயி யாராச்சும் யோசிப்பாகளா? பெரியவரு மனசு குளிர்ந்தா ஒன் பர்மனென்ட் ஃபைலு நகரும்ல?"

இது போதாதா எனக்கு? பந்தல்காரர் சோணை அண்ணனைப் பிடித்தேன். வாசலில் குலை தள்ளிய வாழை, தவுல் நாதஸ்வரம், வந்தவர்களுக்கெல்லாம் ஜிகர்தண்டா. அழைப்பிதழுக்கு வெல்வெட் அட்டை. அதில் தங்க எழுத்தில் 'வீண்செலவைத் தவிர்ப்போம்'. என் மூளையில் உதித்த உச்சகட்ட யோசனை, 'மின்சாரம் சேமிப்போம்' என்ற வாசகத்தைக் கலர் பல்புகளால் எழுதி, பட்டப்பகலில் ஜெனரேட்டர் வைத்து எரியவிட்டது. சோணை அண்ணனே ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார்.

விழாவுக்கு முதல் நாள் சூப்பிரண்டு காதோடு சொன்னார். "பொன்னாடை ஒண்ணு கூடுதலா வாங்கிரு. நல்ல ஜரிகையா இருக்கட்டும்."

"யாருக்கு சார்?"

"மேடையில தெரியும்" என்று சொல்லி என் தோளில் தட்டினார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மேடை ஏறியவனைப் பொன்னாடை போர்த்தாமல் கீழே இறக்கிவிட்ட சரித்திரமே இல்லை. பர்மனென்ட் ஆர்டர் கையில், பொன்னாடை தோளில்! கடைக் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகப் போர்த்திப் பார்த்தேன். அரக்குதான் என் நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. கையோடு திருவாதவூருக்கும் தகவல் சொல்லி அனுப்பினேன். மாமாவும் செல்வியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி வந்தார். அவர் ஒருவர் வந்து இறங்க, ஊர்வலம் மாதிரி வரிசையாகக் கார்கள். இரண்டு பக்கமும் ஏர்கூலர் காற்று வீச, எளிமையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஏறினேன். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய அரக்குப் பொன்னாடை என் தோளிலேயே விழுந்தது. விவரமறியாத நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வேறு வாசித்தார்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "சிக்கன நடவடிக்கையின் முதல் படியாக, இந்த அலுவலகத்தின் தினக்கூலிப் பணியாளர்கள் அனைவரும் நாளை முதல் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார்கள். நாட்டுக்காக வேலையைத் தியாகம் செய்யும் அவர்கள் சார்பில் இந்த இளைஞரைக் கௌரவிக்கிறோம்!"

பந்தலே கை தட்டியது. சூப்பிரண்டு எழுந்து நின்று தட்டினார். என்ன ஏதென்று புரியுமுன் நானும் தட்டிவிட்டேன். (எத்தனை விழாவில் தட்டிய கை!) புரிந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஆனந்தக் கண்ணீர்" என்றார் தொகுப்பாளர். அடப்பாவி! செல்வி இருந்த பக்கம் திரும்பவே எனக்குத் தைரியமில்லை.

கூட்டம் கலைந்ததும் மாமா வந்தார். வாழையைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, வேலையை விட்டுத் தூக்குறதுக்கே இம்புட்டுச் செலவா? இந்தக் காசுல ஒங்களுக்கு ரிட்டயர் ஆகுறவரைக்கும் சம்பளம் போட்டிருக்கலாமேய்யா!"

பக்கத்தில் நின்ற சூப்பிரண்டு அவசரமாக வானத்தைப் பார்த்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் நின்றபோது, பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சோணை அண்ணன் குரல் கொடுத்தார்.

"தம்பி, பட்டப்பகல்ல லைட்டுப் போடுற தைரியம் எங்க தொழில்ல ஒருத்தனுக்கும் கெடையாது. நாளைக்கே நம்ம கடைக்கு வந்துரு."

மாமா விடுவாரா? "வேலை பர்மனென்ட்டா?"

"கவர்மென்ட்டு விழா எடுக்குறத நிப்பாட்டுற வரைக்கும்ணே."

"அப்ப பர்மனென்ட்டுதேன்" என்றார் மாமா. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். பந்தல் சோணை அண்ணன் உபயம்.

இப்போது எனக்குச் சொந்தமாகவே பந்தல் கடை இருக்கிறது. கஜானா காலி என்று செய்தி வந்தால் போதும், என் கடையில் ஆள் பற்றாது. ஆனால் வீட்டில் மட்டும் நான் சிக்கனம் பேச முடியாது. "எதுக்கு ரெண்டு ஃபேனும் ஓடுது?" என்று வாயைத் திறந்தால் செல்வி பீரோவைத் திறந்து அந்த அரக்குப் பொன்னாடையை எடுத்து வந்து என் தோளில் போர்த்துவாள். பிள்ளைகள் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டுவார்கள். நானும் பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டு, பணியிலிருந்து நிறுத்தப்பட்டவனாக வாசலுக்குப் போய்விடுவேன்.