எங்கப்பா படம் தலையாட்டிய மத்தியானம்

தூக்கம் வராதவன் எதையும் நம்புவான். நான் என்னையே நம்பினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். (ஆறாவதுக்கும் கொஞ்ச நாள் போனேன். வாத்தியார் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.) ஆனால் எங்கள் ஊர் கணபதியில், மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்தான்) கட்டுகிறவர்களில் எனக்கு மேல் ஒருத்தன் கிடையாது. எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே அது கிணற்று மோட்டாரா, மாவு மில் மோட்டாரா என்று சொல்வேன். பெரிய படிப்புப் படித்த இன்ஜினீயர்கள் என் பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கினேன். உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் போன தூக்கம் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. எண்ணெய் போட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இடுப்பு அசைந்து கொடுக்கவில்லை.

அப்போது நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். மின்காந்த அலை வைத்தியமாம். கழுத்தில் டை கட்டிய ஒருத்தர் என்னை ஒரு மெத்தை விரிப்பில் படுக்கவைத்து, சுவிட்சைத் தட்டினார்.

"விட்டுவிட்டு வரும் காந்த அலைங்க இது. நாடித் துடிப்பு மாதிரி மெதுவா வரும். தசை இளகும், நல்லாத் தூக்கம் வரும்" என்றார்.

வந்தது. நான் விட்ட குறட்டையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அந்த மெசினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்களாம். எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், விரிப்பின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது காயில். விரல் தடிமன்கூட இல்லாத, நோஞ்சான் காயில்.

எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மெசினையும் கடையில் வாங்க மாட்டான். ஒரு தடவை பார்ப்பான், வீட்டுக்குப் போய்ச் செய்துவிடுவான். செய்யும்போது ஒரிஜினலை விடக் கனமாகச் செய்வான். மூணு ஹெச்.பி. கேட்டு வந்தவனுக்கு அஞ்சு ஹெச்.பி. இழுக்கிற மாதிரி கட்டிக் கொடுத்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அந்த மெசினையும் அப்படியே கட்டினேன். முன்னறைத் தேக்குக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் இடுப்புக்கு நேராக ஒன்று, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒன்று. இரண்டும் கிணற்றைக் காலி செய்யும் தரத்தில். பக்கத்துச் சாமான் அறையில், தானே போட்டுத் தானே அணைக்கிற சுவிட்ச். அதை எண்ணெயில் முக்கி வைத்ததால் சத்தம் வராது. கரண்ட் கொஞ்ச நேரம் வரும், நிற்கும், மறுபடி வரும்.

படுத்தேன். தூங்கினேன். (அது காந்தத்தாலா, அதைக் கட்டி முடித்த களைப்பாலா என்று என் மகள் இன்றைக்கும் கேட்பாள்.)

என் தூக்கம் திரும்பியது. வீட்டில் மற்றவர்களின் தூக்கம் போய்விட்டது.

மெசின் ஓடும்போதெல்லாம் விளக்குகள் மங்கும், பிறகு தெளியும். பீரோவுக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல ஒரு ரீங்காரம். ஹாலில் டி.வி. போட்டால், செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் ஊதா நிறமாகி, முன்னறைப் பக்கமாக இழுபடும், நிற்கும், மறுபடி இழுபடும். என் மனைவி சரசு தையல் டப்பாவைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். குண்டூசிகள் எல்லாம் புல் முளைத்த மாதிரி நிமிர்ந்து நின்றன. அவள் டப்பாவை மெதுவாக மூடினாள். எங்கள் பூனை அன்றைக்கு வெளியே போனதுதான். காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க, ஊடு மூச்சு உடுதுங்க" என்றாள் சரசு.

"மெசினு ஓடுது அம்மணி."

"மெசினுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா உட்டுப்போட்டு ஒரு தடவ இழுக்குது பாருங்க, அது நம்ம மெசினு மாதிரி இல்லீங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் வசந்திக்கு வரன் வந்தது. வசந்தி எங்களுக்கு ஒரே மகள். சூலூரில் ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறாள். அவனும் இவள் இலையில் மட்டும் மூன்று தடவை ரசம் ஊற்றியிருக்கிறான். விசாரித்தால் தாராபுரத்துப் பக்கம் நல்ல குடும்பம், சொந்தத்தில் சேருகிற இடம். "இதில்லீனா வேற பாக்க வேண்டாமுங்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

இடைஞ்சல் ஒன்றுதான். பையனுடைய பெரிய அத்தை நாச்சம்மாள். பையனின் அம்மா இறந்தபிறகு அந்த வீட்டில் இந்த அத்தை வைத்ததுதான் சட்டம். பெண் வீட்டில் முன்னோர் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து நின்று, நல்ல சகுனம் கண்டால்தான் வாக்குக் கொடுப்பார். ஒரு வீட்டில் விளக்கு அணைந்தது, எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் பல்லி தப்பான மூலையில் கத்தியது. போட்ட காபியைக்கூடக் குடிக்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு நாள் பையனின் அப்பா குழந்தைவேலுவும் நாச்சம்மாளும் வந்தார்கள். அன்றைக்கு மழை வானத்தில் வந்து நின்றுகொண்டு இறங்காமல் இருந்தது. மத்தியானமே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஒரு இலை ஆடவில்லை. சாப்பாடு முடிந்ததும் குழந்தைவேலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆள் பனைமரம் மாதிரி. வேட்டிக்கு மேல் அகல பெல்ட்டு, அதில் கல்லுக் கனத்துக்கு ஒரு சாவிக்கொத்து.

"பஸ்ஸுல குலுங்கி வந்தது இடுப்பு புடிச்சுட்டுதுங்க. அவ போனதுலருந்து தூக்கமும் சரியில்லீங்க" என்றார். இறந்துபோன மனைவியைத்தான் சொன்னார்.

சரசு என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டாள், வேண்டாம் என்று. நான் கேட்கிற ஆளா?

"சித்த இந்தக் கட்டில்ல சாஞ்சு எந்திரிங்க சம்பந்தி. காளையாட்ட எந்திரிப்பீங்க."

கதவைச் சாத்தினேன். சாமான் அறைக்குப் போனேன். பெரிய ஆள், சம்பந்தியாக வரப்போகிறவர், குறைத்துக் கொடுத்தால் மரியாதை இல்லை. முழு வேகத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அங்கே நாச்சம்மாள் எங்கப்பா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி, வெற்றிலை பாக்கு வைத்து, கை கூப்பி நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கப்பா முறைத்த மாதிரியே இருப்பார். அதற்கு நானே இரும்புப் பட்டையில் சட்டம் அடித்திருந்தேன். (கடையில் விற்கிற மரச்சட்டம் நமக்கு ஆகாது.) தினமும் பூ வைக்கக் கை எட்ட வேண்டும் என்று சரசு அதைத் தாழ்வாக மாட்டச் சொன்னாள். எல்லாப் படத்தையும்போல அது மேல்பக்கம் முன்னால் சாய்ந்து தொங்கும். அதற்குப் பின்னால் நாலரை இஞ்ச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலின் தலைமாடு.

நான் இதையெல்லாம் யோசித்தேனா? என் மூளை காயில் கட்டும்போது மட்டும் வேலை செய்யும்.

ஹாலில் கரண்ட் விளக்கு மங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். சாய்ந்து நின்ற படம் சுவரோடு போய் ஒட்டியது. விளக்கு தெளிந்தது. படம் மெதுவாக முன்னால் சாய்ந்தது. மறுபடி மங்கல். 'டக்'.

எங்கப்பா தலையாட்டினார்.

நாச்சம்மாள் வாயில் வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. காற்று இல்லை. சன்னல் திரை அசையவில்லை. எண்ணெய் விளக்கின் சுடர் நேராக நின்றது. சுவரில் அந்த முறைத்த முகம் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அடுக்களையில் அடுக்கி வைத்த இரும்புச் சட்டிகள் மெல்ல முனக ஆரம்பித்தன. எல்லாம் தெரிந்த நானே கை கூப்பிவிட்டேன். உயிரோடு இருந்தவரைக்கும் எதற்கும் சரி என்று சொன்ன மனுசன் இல்லை எங்கப்பா.

"பெரியவரே..." நாச்சம்மாள் பயந்து பயந்து கேட்டார். "உங்க பேத்திய எங்க ஊட்டுக்கு உடறீங்களா?"

டக்.

"மனசாரச் சொல்றீங்களா சாமி?"

டக்.

நான் சுவிட்சை அணைக்க எழுந்தேன். பின்னாலிருந்து சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். உயிர் போய் வந்தது. வசந்தி.

"உக்காருங்ப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்மணி, உள்ள அந்த மனுசன்..."

"தூங்கட்டும். நீங்க எந்திரிச்சீங்கன்னா நான் கெணத்துல குதிப்பேன்."

"நம்ம ஊட்ல கெணறு இல்லியே கண்ணு."

"தோண்டிக் குதிப்பேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். நாச்சம்மாளுக்கு இப்போது பயம் தெளிந்து தைரியம் வந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி. முகூர்த்தம் தை மாதம் வைக்கலாமா? டக். பொண்ணு எங்க ஊட்ல நல்லா இருப்பாளா? டக். அவருக்குக் கண்ணில் தண்ணீர். சரசுவும் அழுதாள். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

கடைசியாக நாச்சம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். சாப்பிடும்போது நான் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியிருந்தேன். (சோற்றிலிருந்து பாயசம் வரைக்கும்.) மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, உங்க மகன் பேச்ச நம்பலாமுங்களா?"

அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் விளக்கு அணைந்தது. சட்டிகளின் முனகல் அடங்கியது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எங்கப்பா முன்னால் சாய்ந்து, என்னையே முறைத்தபடி, அசையாமல் நின்றார். நாச்சம்மாள் காத்திருந்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். நான்கூட மனதுக்குள் கெஞ்சினேன், ஒரு தடவை ஆட்டுங்கப்பா என்று.

ஆட்டவில்லை.

"செரி" என்றார் நாச்சம்மாள் நிதானமாக. "பொண்ணுக்குச் சம்மதம் கெடச்சுது. பேச்சுவார்த்தையெல்லாம் உங்க சம்சாரத்துகிட்டப் பேசிக்கறனுங்க."

முன்னறைக் கதவு திறந்தது. குழந்தைவேலு நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையில் சாவிக்கொத்து.

"அக்கா, என்னைய ஆரோ புடிச்சுட்டு இருந்தாங்க."

சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இடுப்புச் சாவியப் புடிச்சு இழுத்து வெச்சுட்டாங்க. பொரளவே முடியல. நான் வெடியக்காலைல காட்டு வேலைக்குக் கெளம்பறப்ப அவ இப்புடித்தான் சாவியப் புடிச்சுப்பா, இன்னுஞ் சித்த தூங்குங்கன்னு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்றுபோயிருந்தது. "நெம்ப நாளைக்கப்புறம் தூங்குனேன்."

நாச்சம்மாள் தம்பியின் தலையைத் தடவிவிட்டார். வெளியே மழை இறங்கியது.

கரண்ட் திரும்பி வந்தபோது வேகமாக வந்தது. உள்ளே காயில் இரண்டும் எரிந்து வீடெல்லாம் புகை. எனக்கு அந்த நாற்றத்தை மோந்து பார்க்கத் தேவையே ஏற்படவில்லை. சாம்பிராணி என்று சொன்னாள் வசந்தி. நம்பினார்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தல் முதல் பந்தி வரை எல்லாம் சரசுவிடம் கேட்டுத்தான். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கும் அந்த வீட்டில் இன்றுவரை மதிப்பு இல்லை. மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கிறேன் என்று சொன்னால்கூட, "அத்தை என்ன சொன்னாங்க?" என்று சரசுவைக் காட்டிக் கேட்கிறான்.

கொஞ்ச வருசம் கழித்து மனசு கேட்காமல் குழந்தைவேலுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காயில், காந்தம், இரும்புச் சாவி எல்லாம். அவர் கோபப்படவில்லை.

"கட்டிலுக்கடீல ஒயரு போறத அன்னிக்கே பாத்தனுங்க சம்பந்தி" என்றார். "ஆனா ஒண்ணு. கரண்ட்டு போயி, நீங்கெல்லாம் பேசறது காதுல உழுந்ததுக்கப்புறமும் உடலீங்களே. அது எந்த மெசினுங்க?"

இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும் என்று சொல்லலாம். தொழில்காரன், சொல்லத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எப்போது வந்தாலும் மத்தியானம் அந்தக் கட்டிலில் சாய்வார். அடியில் இப்போது பழைய செருப்புகளைத் தவிர ஒன்றும் இல்லை. சாவியைக் கழற்றாமல்தான் படுப்பார்.

படமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வசந்தியின் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் இதுதான் விளையாட்டு. நான் ஏதாவது பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததும், இரண்டும் ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னால் கை கட்டி நிற்கும்.

"பெரியவரே, அப்புச்சி சொல்றது நெசமுங்களா?"

(அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா, நான்தான்.) சரசு அடுக்களையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். எங்கப்பா முன்னால் சாய்ந்து முறைப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நானும் சிரிப்பேன். ஆனால் எல்லாரும் போனபிறகு, பூ வைக்கிற சாக்கில் கிட்டப் போய் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன். இதுவரைக்கும் ஆட்டவில்லை.