பூஜ்ஜியத்தில் நின்ற வேலை

வடமாலபேட்டை

மருமகன் குணாவுக்கு, ஏழு மலைகளின் நிழலும் உன் தலைக்குக் குடையாகட்டும் என்று வாழ்த்தி, தாய்மாமன் துலுக்காணம் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். என் நெஞ்சு மட்டும் புதன்கிழமையிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஈரேழு உலகத்தில் எவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்வதாக இதனால் உறுதி கூறுகிறேன்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனியின் ஜப்பானிய மேனேஜர் மொரிதா சாரைத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குக் காரில் அழைத்துப் போனேன். உன் வேலை விஷயத்தைப் பேச இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. மனுஷரோ பின் சீட்டில் போனில் அவர் ஊர் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தபடி கருங்கல்லாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்கோர் ஜீரோ, ஜீரோ. ஜப்பானில் சில வருஷமாகப் பந்து எறிகிறவன் கை ஓங்கிவிட்டதாம், மட்டைக்காரன் காற்றை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறானாம், ஒரு ரன் பார்ப்பதென்பது கூட்ட நாளில் டிக்கெட் இல்லாமல் பெருமாளைப் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டதாம். ரன் விழுந்தால் சிரிப்பார், உடனே கேட்டுவிடலாம் என்று மலைப்பக்கம் திரும்பி மொட்டை வேண்டிக்கொண்டேன். எந்த டீமுக்கு என்று சொல்லத்தான் மறந்துட்டேன் பாரு.

எதிரணிக்காரன் அடித்தான். பந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி, பாகாலா ஜங்ஷனில் இறங்கி, காட்பாடி வண்டியில் ஏறியதைக் கண்ணால் கண்டேன். ஹாரன் அடித்துக் கொண்டாடினேன்.

“ஏன் சந்தோஷம்?” என்றார் சார்.

“ரன் வந்துச்சே சார். இம்மா நேரம் சோகமா குந்திகினு இருந்தீங்களே.”

“சோகம் இல்ல. ஜீரோ, ஜீரோ ரொம்ப அழகு. எறியறவன் எங்க ஊர்.”

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த புத்தி. ரன்னே இல்லாத ஆட்டத்தை ஒருவர் ரசிப்பார் என்று நான் கண்டேனா? உன் வேலை கண்ணெதிரே கவிழ்ந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

“எங்க அக்கா புள்ளயும் அப்டிதான் சார். செக்கிங்ல நிக்க வச்சா ஒரு ஓட்டை பீஸ் அவன தாண்டாது.”

“ஒண்ணும் தாண்டாதா?”

“பொண்ணு பாக்கப் போன வூட்லயே, காபி ஆறிட்ச்சின்னு திருப்பி அனுப்பினவன் சார்.”

சித்தூர் எல்லை வந்தது. ஸ்டியரிங் என் வேர்வையில் நீந்தியது. பிறகு, “திங்கள், ஒன்பது மணி. வரச் சொல்லு” என்றார். அதைக் கேட்டு மாங்கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கு ஊதின.

அக்காவுக்கு நமஸ்காரம். நீ நூறு வருஷம் குறை கண்டுபிடித்துக்கொண்டே வாழ வேண்டும்.

இப்படிக்கு,
துலுக்காணம்

பி.கு.: மொரிதா சார் காரில் நான் ஏறியதே இல்லை, ஓட்டுவது ஊழியர் வேன். ஆட்டத்தைப் பற்றியெல்லாம் ஆபரேட்டர் சுனில் சொன்னது. மொட்டை போட என் தலையில் முடி ஏது? கேட் பக்கத்தில் சாரை மறித்துக் கேட்டேன். திங்கள், ஒன்பது மணி என்றார். அது மட்டும் நிஜம். சர்டிபிகேட்டோடு வந்துடு நைனா.