உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சம்பளமா?

"ஆட்டக்காரன் காசு இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டாது!" என்று சூப்பிரண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் போட்டார். போட்ட வேகத்தில் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்து மூழ்கிப் போயிற்று. அதை ஸ்பூனால் துழாவிக்கொண்டே சபதத்தின் மீதியையும் சொல்லி முடித்தார்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் சம்பளப் பிரிவுக்குச் சூப்பிரண்டு. யாருக்கு என்ன சம்பளம், எதில் என்ன பிடித்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார் என்பது மனைவியின் புகார். உலகத்தில் யார் எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்யும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பது அவருடைய நெடுநாள் மனத்தாங்கல்.

அன்றைய சபதத்துக்கு உடனடிக் காரணம் பேப்பரின் முதல் பக்கம். யாரோ ஒரு கால்பந்து நட்சத்திரத்தின் சம்பளம் போட்டிருந்தது. அதிலுள்ள பூஜ்யங்களை எண்ணுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் உண்மையான காரணம் மகள். ஊர்க் கால்பந்து கிளப்பில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறவள், முந்தின வாரம் வந்து, "அப்பா, எங்க டீம் கோல்கீப்பரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். இவர் "முடியாது" என்றார். அன்றிலிருந்து அவள் இவரோடு பேசுவதில்லை. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் சேதி அம்மா வழியாகத்தான் வரும். "அம்மா, அப்பா சட்டைக் காலர் மடங்கியிருக்கு." அதைக் கேட்கும்போதெல்லாம் சூப்பிரண்டுக்கு நெஞ்சுக்குள் ஏதோ மடங்கியது. சொல்லிக்கொள்ள முடியுமா? கொள்கை குறுக்கே நின்றது.

"ஒரு காத்தடைச்ச உருண்டையைத் துரத்துறதுக்கு இவ்வளவு பணமா?" என்றார்.

"கோல்கீப்பர் துரத்த மாட்டாருங்க. நிப்பாரு" என்றாள் மனைவி, பேப்பரின் கடைசிப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமல். அந்த வீட்டில் முதல் பக்கம் அவருக்கு, விளையாட்டுப் பக்கம் அவளுக்கு.

"நிக்கிறதுக்குச் சம்பளமா! நான்கூடத்தான் தினமும் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். எவனாவது தர்றானா?"

"வர்ற பஸ்ஸைப் பிடிச்சாத் தருவாங்க. நீங்கதான் தினமும் கோட்டை விட்டுட்டு நடந்து வர்றீங்களே."

"இவன் நிக்கிறதுகூட இல்லையாமே. மாத்து கோல்கீப்பராம். ஓரமா பெஞ்சில உக்காந்திருப்பானாம். உக்காந்திருக்கிறவனுக்குச் சம்பளமா?"

மனைவி இப்போது தலையைத் தூக்கினாள். "ஆபீஸ்ல நீங்க என்ன நின்னுக்கிட்டா இருக்கீங்க?"

"விதண்டாவாதம் பண்ணாதே! உசிரைக் காப்பாத்துற நர்சு வாங்குறது எவ்வளவு, இவங்க வாங்குறது எவ்வளவு?"

"நர்சுக்குக் குறைச்சுக் குடுக்கிறது ஆஸ்பத்திரிக்காரன். அதுக்கு அந்தப் பையனை ஏங்க பிடிச்சு உலுக்குறீங்க?"

"எல்லா ஆட்டக்காரனும் அளவுக்கு மேல வாங்குறான். இது என் கொள்கை. உழைப்புக்கு மிஞ்சின சம்பளம் வாங்குற வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

மனைவி மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கசப்பு மருந்தை எந்த நேரத்தில், எதில் கலந்து கொடுத்தால் எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பேப்பரை மடித்து வைத்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றாள்.

மனைவி 'சரிதாங்க' என்று சொன்னால் உடனே கதவு, ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு யோசிக்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் சூப்பிரண்டு இதைக் கற்றுக்கொள்ளவில்லை. பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா பொண்ணுகிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? பையனைக் கூப்பிடுங்க. சம்பளம் எவ்வளவுன்னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க. கேட்டுட்டு, இவ்வளவு வாங்குறவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லி அனுப்பிடுங்க. ஒரே போடு."

ஒரே போடு என்பது சூப்பிரண்டுக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலமே பையன் வந்தான். உயரமென்றால் உயரம், கூடத்து விளக்கில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றான். வணக்கம் சொல்லக் கூப்பியபோது கைவிரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டிற்று. மகள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. கதவு மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

"உக்காருங்க. அதுதானே உங்க தொழில்" என்று சூப்பிரண்டு குத்தலாக ஆரம்பித்தார். "சம்பளம் எவ்வளவு?"

பையன் சொன்னான்.

சூப்பிரண்டு காதைக் குடைந்துகொண்டார். "வாரத்துக்கா?"

"மாசத்துக்கு சார்."

"பிடித்தமெல்லாம் போகவா?"

"பிடிக்கிறதுக்கு அதுல என்ன சார் இருக்கு?"

அவர் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் டைப்பிஸ்ட் அதைவிட அதிகம் வாங்கினாள். சூப்பிரண்டு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "வைப்பு நிதி?"

"இல்ல சார்."

"மருத்துவப் படி?"

"இல்ல சார்."

"அப்போ விரல் ஒடிஞ்சா?"

"தானா ஒட்டிக்கும் சார்." பையன் கையை விரித்துக் காட்டினான். "கொஞ்சம் அப்படி இப்படித்தான் ஒட்டும்."

"கையுறை? கையுறையாவது கிளப்புல தர்றாங்களா?"

"நம்ம கைக்கு நாமதான் சார் வாங்கணும்."

சூப்பிரண்டு எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "இது அநியாயம்! வேலைக்கு வேண்டிய சாமானை வேலைக்காரன் தலையிலயே கட்டுறதா? எத்தனை வயசு வரைக்கும் வச்சிருப்பாங்க?"

"முழங்கால் சொல்ற வரைக்கும் சார். பேப்பர்ல வர்றது மேல இருக்கிற நாலைஞ்சு பேரோட கதை. மத்தவங்க எல்லாம் நம்ம மாதிரிதான்."

மனைவி டீயை நீட்டியபடி பெருமூச்சு விட்டாள். "நமக்கெதுக்குங்க வம்பு? அதிகம் வாங்குறான்னு வேண்டாம்னீங்க. இப்போ பார்த்தா கம்மி. அப்படியும் வேண்டாம், இப்படியும் வேண்டாம். தம்பி, நீ டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புப்பா."

"நீ சும்மா இரு!" என்று சூப்பிரண்டு கத்தினார். "கல்யாணம் வேற, நியாயம் வேற. சம்பளப் பிரிவுல ஒருத்தன் உசிரோட இருக்கும்போது இது நடக்கலாமா? நாளைக்கே உங்க மேனேஜரை வந்து பார்க்கிறேன்!"

ஒரு விரல் அளவு திறந்திருந்த கதவு இரண்டு விரல் அளவு திறந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சூப்பிரண்டு கிளப்புக்குப் போனார். கூடவே மனைவியும் புறப்பட்டாள். "உங்களுக்குக் கோபம் வந்தா ரத்தக் கொதிப்பு ஏறும். நான் மாத்திரையோட வர்றேன்." பையன் பின்னால் வந்தான்.

மேனேஜர் அறையில் வலித் தைல வாசனை மூக்கைத் துளைத்தது. மேசை மேல் காற்றுப் போன இரண்டு பந்துகள், மேசைக்குப் பின்னால் காற்று நிறைந்த மாதிரி மேனேஜர். பக்கத்து அறை சிகிச்சை அறை. அங்கே மகள் யாருடைய காலிலோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சூப்பிரண்டு அரை மணி நேரம் பொழிந்தார். விதிகளைச் சொன்னார். உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உருகி உருகி விளக்கினார். "எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியாம, உடம்பை முறுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அது சும்மா உக்காந்திருக்கிறதா? நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறேனே, அதுதான் சும்மா!" என்று ஆவேசத்தில் தன்னையே காட்டிக் கொடுத்துக்கொண்டார். கடைசியில் மேசையைத் தட்டி, பையனுக்குத் தரவேண்டிய சம்பளம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னார்.

மேனேஜர் திடுக்கிட்டுச் சூப்பிரண்டின் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். மேனேஜர் இருமினார். "முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"முடியாதுங்க. முதல்ல நீங்க யாரு?"

"நான் சம்பளப் பிரிவு சூப்பிரண்டு."

"எங்க கிளப்புக்கா?"

"இல்ல..."

"பையனுக்கு அப்பாவா?"

"இல்ல."

"சித்தப்பா, பெரியப்பா?"

"இல்லைய்யா!"

"அப்போ எந்த உரிமையில சார் கேக்குறீங்க? தெருவுல போறவங்க வந்து சம்பளம் கேட்டா நான் எப்படிப் பேச முடியும்?"

சூப்பிரண்டின் கண்ணுக்குக் கோணல்மாணலாக நின்ற அந்த விரல்கள்தான் தெரிந்தன. ஒட்ட வைக்க ஒருத்தி வேண்டாமா? கொள்கையைத் தாண்டிக்கொண்டு வார்த்தை வந்தது.

"நான் அவனோட மாமனார்!"

பக்கத்து அறையில் ஏதோ பாட்டில் உருண்டு விழுந்தது. சொன்னது தான்தானா என்று சூப்பிரண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள், கையில் பாதி சுற்றிய பேண்டேஜோடு.

"அப்பா" என்றாள்.

அம்மா வழியாக வராமல் நேராகவே வந்த முதல் வார்த்தை. நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான ஷூவைக் கழற்றினால் கால் எப்படி விரியுமோ, அப்படிச் சூப்பிரண்டின் மார்பு விரிந்தது. கொள்கை போயிற்று. போகட்டும் என்றிருந்தது. நல்லவேளை, தானாகவே போய்விட்டது. யாரும் பிடுங்கியதாக ஆகவில்லை.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்று மேனேஜர் எழுந்து கை குலுக்கினார். "மாமனார்னா மறுக்க முடியுமா? ஆகட்டும்."

படியிறங்கும்போது சூப்பிரண்டின் நடையே வேறாக இருந்தது. ஒரு பக்கம் மகள் கையைக் கோத்திருந்தாள். இன்னொரு பக்கம் வருங்கால மருமகன் குனிந்து குனிந்து நன்றி சொல்லிக்கொண்டு வந்தான்.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "எப்பேர்ப்பட்ட ஆளு! எப்படி மடக்கினேன்! பேரம்னா வாயில வரக்கூடாது, ரத்தத்துல வரணும்."

"ஆமாங்க. நான்லாம் எங்கே, நீங்க எங்கே."

பின்னாலிருந்து தொம் தொம்மென்று மேனேஜர் ஓடி வந்தார். மூச்சு வாங்க நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். சார் வாயிலேருந்து 'மாமனார்'னு வர்ற வரைக்கும் முடியாதுன்னே சொல்லச் சொல்லி நேத்து ராத்திரி போன் பண்ணீங்க, சொல்லிட்டேன். ஆனா எங்க முதல் கோல்கீப்பர் வேற கிளப்புக்குத் தாவிட்டான்னு விளையாட்டுப் பக்கத்துல பார்த்துட்டு, போன வாரமே வந்து தம்பிக்கு அடுத்த மாசத்துலேருந்து ஒரு சம்பளம்னு பேசி முடிச்சீங்களே? இப்போ சார் கேட்டது அதைவிட ரொம்பக் கம்மியா இருக்கு. எதைப் போடட்டும்?"

மகள் பேண்டேஜால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி கைப்பையைத் திறந்து ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தேட ஆரம்பித்தாள்.

சூப்பிரண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வீட்டுல என்ன சொல்றாங்களோ, அதையே போட்டுடுங்க."