நாலு போல்ட்டும் ஒரு மோதிரமும்

எதையும் இறுக்கிச் செய்தால் அது நன்றாகச் செய்தது என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கை அக்காவின் கல்யாண நாள் காலையில், கோப்பாய் வீதியோரத்தில், தலைப்பாகையோடு செத்துப்போனது.

அப்போது நான் பொறியியல் முதலாண்டு மாணவன். (இயந்திரங்களைப் பற்றி எல்லாம் தெரியும், தொட்டதுதான் கிடையாது.) மாப்பிள்ளை பஸ் டிப்போவில் மெக்கானிக். "ஒரு மெக்கானிக்குக்கோ அக்காவைக் குடுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, அப்பாவோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்த பெருமையும் எனக்கு உண்டு. ஆனால் எங்கள் வழக்கப்படி மணமகளின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். ஆகவே நானே இரவல் காரில் சண்டிலிப்பாய்க்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். உறவினர்களின் வான் முன்னால் போய்விட்டது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பின்பக்கச் சில்லின் டயரில் காற்றுப் போனது.

அத்தான் கதவைத் திறந்தார். "விடும் தம்பி, நான் மாத்திறன்."

"இறங்காதேங்கோ அத்தான்! ஆரத்தி எடுத்து வெளிக்கிட்ட மாப்பிள்ளை மண்டபத்து வாசலிலைதான் காலை நிலத்திலை வைக்கோணும்."

(இப்படி ஒரு சட்டம் உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) பாவம், மனிதர் பட்டுவேட்டியோடு உள்ளேயே இருந்தார்.

அவரையும் சேர்த்தே காரை ஜாக்கில் தூக்கினேன். போல்ட்டைத் திருகினால் சில்லும் கூடவே சுற்றியது. "தம்பி, கீழை இறக்கிப்போட்டு முதல்லை இளக்கும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இறக்கினேன். ஸ்பனரில் ஏறி நின்று குதித்து இளக்கினேன். மறுபடி தூக்கினேன். கழற்றிய நாலு போல்ட்டும் உருண்டு போகக்கூடாதென்று, பக்கத்துத் தோட்டத்தின் ஈரச் செம்மண்ணில் வெங்காயம் நடுவதுபோல வரிசையாகக் குத்தி வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பா போன் எடுத்தார். "எங்கை நிக்கிறியள்?"

"இந்தா, வந்திட்டம்."

மாற்றுச் சில்லை வைத்து, மண்ணோடு மண்ணாக ஒரு போல்ட்டைச் செருகி ஸ்பனரால் திருகினேன். இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது.

"மண்ணைத் துடைச்சுக் கையாலை பூட்டும் தம்பி. சரிவாப் போனால் புரி பழுதாப் போயிடும்."

"எனக்குத் தெரியும் அத்தான்."

ஏறி மிதித்தேன். 'டக்' என்றது. போல்ட்டின் தலை ஸ்பனரோடு வந்துவிட்டது, மிச்சம் உள்ளே நின்றுவிட்டது. இரண்டாவது போல்ட் பாதி வழியில் சிக்கி, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதோடு மல்லுக்கட்டியதில் ஸ்பனர் வழுக்கி என் விரல்கள் நசுங்கின. அப்படியே வீதியோரம் குந்தியிருந்து அழுதேன். நாலு வருடம் சம்பந்தம் தேடி அமைந்த கல்யாணம். முகூர்த்தம் தவறினால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அத்தான் இறங்கிவிட்டார். சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு போல்ட்டிலை கலியாணத்துக்குப் போகேலாது" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீற்றூட் மூட்டைகளோடு வந்த ஒரு உழவு இயந்திரத்தை மறித்தார்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க மூட்டைகளின் மேலிருந்து இறங்கினோம். அப்பா என் தலைப்பாகையை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே நடந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். கழுவினேன், செம்மண்ணாய் ஓடியது. பதிலுக்கு மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போட வேண்டும். வீங்கிய என் விரலில் அது ஏற மறுத்தது. அத்தான் திருகினார்.

"ஐயோ அத்தான், பலவந்தமாத் திருகாதேங்கோ!"

"நீர் மட்டும் திருகலாமோ?"

மண்டபமே சிரித்தது. உள்ளறை வாசலில் நின்ற அக்காவும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மோதிரம் எப்படியோ ஏறிவிட்டது; விரலின் வீக்கம் வற்றிய கையோடு நான் பருக்கத் தொடங்கிவிட்டேன். எண்ணெய், சோப்பு, நூல் எல்லாம் பார்த்தாயிற்று, மோதிரம் கழலவில்லை. நான் குழாயடியில் விரலோடு போராடும் சத்தம் கேட்டால் போதும், அக்கா அடுப்படியிலிருந்தே கத்துவார்: "ஏறி மிதியடா!"