ஹார்லன் நைகார்டின் காலி இன்பாக்ஸ்

மனித குலத்தை உயர்த்தியவை மூன்று: நெருப்பு, சக்கரம், மின்னஞ்சல் முகவரியின் நடுவே போடும் கூட்டல் குறி. மூன்றாவதன் மகிமையை அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் முழுதாக உணர்ந்தவர் ஹார்லன் நைகார்ட் ஒருவரே.

பல் மருத்துவரிடம் 'ஹார்லன்+பல்' என்று கொடுப்பார். பனி தள்ளும் கம்பெனிக்கு 'ஹார்லன்+பனி'. எல்லாம் வருவது ஒரே கணக்குக்குத்தான். ஆனால் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துக் கணினியே அதனதன் ஃபோல்டரில் போட்டுவிடும். இன்பாக்ஸ் எப்போதும் காலி. நூலகத்து முதியோர் கூட்டத்தில் அந்தக் காலியைத் திரையில் காட்டியபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார்கள் என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு.

ஃபார்கோவில் இருக்கும் ஒரே மகள் சிக்னேவுக்கு 'ஹார்லன்+மகள்'. அதற்கு எழுதினால் உடனே தானியங்கிப் பதில் போகும்: "தங்கள் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. 'குடும்பம்' பிரிவு டிசம்பர் கடைசி வாரத்தில் பார்வையிடப்படும்."

அக்டோபரில் ஒருநாள் பக்கத்து வீட்டு லோர்ன் வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"யோவ் ஹார்லன், பேத்தி உன்னையே உரிச்சு வச்சிருக்காய்யா!"

"எந்தப் பேத்தி?"

"நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சிக்னே கைக்குழந்தையோட ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா. அப்பா வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டு. நீ எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

எங்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து 'ஹார்லன்+தோட்டம்' என்பதை 'விதை', 'உரம்' என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஓடி 'குடும்பம்' ஃபோல்டரைத் திறந்தார். பதினொரு கடிதங்கள். கர்ப்பம், பிரசவம், குழந்தைக்கு அவருடைய அம்மாவின் பெயரான ராக்னாவையே வைத்தது, டுலூத்தில் பஸ் மாறும் நேரம். ஒன்றுகூட இடம் மாறிக் கிடக்கவில்லை. மகளுக்குப் போன் செய்தார்.

"போன்ல சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லத்தான் கூப்பிட்டேன். 'எழுதி அனுப்பு, அதுக்குன்னு தனி விலாசம் இருக்கு'ன்னு போனை வச்சிட்டீங்க."

"பாப்பா போட்டோ ஒண்ணாவது அனுப்பேன்."

"எழுதிக் கேளுங்கப்பா. உங்களுக்கும் தனி விலாசம் போட்டு வச்சிருக்கேன். 'சிக்னே+அப்பா'."

வாழ்நாளில் எழுதாத நீளத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினார். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசகம்கூட அவருடையதே.

"தங்கள் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. 'குடும்பம்' பிரிவு டிசம்பர் கடைசி வாரத்தில் பார்வையிடப்படும்."