கேபிளில் போன சொந்தங்கள்

ஒரே ஒரு பொத்தானை அமுக்கி எங்கள் சொந்தபந்தம் மொத்தத்தையும் அழித்த முட்டாள் நான்தான். (சண்டை சச்சரவெல்லாம் இல்லைங்க, கம்ப்யூட்டர்.) சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் புதிதாகச் சம்பந்தி யாராவது வந்தால், காபிக்கு முன்னால் என்னை உட்காரவைத்து இதைச் சொல்லச் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த சித்தப்பாவுக்கு அது டாக்டர் பட்டம் மாதிரி. அவர் மகள் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. பத்திரிகையைத் தபாலில் போட்டால் எங்கள் பக்கம் அது அழைப்பே இல்லை. வீடு தேடிப் போய், தட்டில் வைத்து, நின்று கூப்பிட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் அந்த வீடு ஆயுசுக்கும் பேசாது.

அதற்காகச் சித்தப்பா, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த உள்ளங்கை அகல டிஜிட்டல் டைரியில், மூன்று மாதம் ஒற்றை விரலால் குத்திக் குத்தி நானூற்றுச் சொச்சம் வீடுகளை ஏற்றியிருந்தார். பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டதால் வேறு நகல் கிடையாது.

“கண்ணு, இதை உன்ற கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஊர்வாரியா அச்சடிச்சுக் குடுத்துபோடு.”

“அஞ்சு நிமிசமுங்க சித்தப்பா.”

இரண்டையும் கேபிளால் இணைத்தேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: இதில் எது கொடுப்பது, எது வாங்கிக்கொள்வது? நான் யோசித்தேன். (அங்கேதான் தப்பு.) கம்ப்யூட்டரோ மேசை நிறைய உட்கார்ந்திருக்கிறது. டைரி சட்டைப்பையில் அடங்கிவிடும். பெரியவர் சொல்லச் சின்னவர் கேட்பதுதானே எங்கள் குடும்ப வழக்கம்? கம்ப்யூட்டரையே பெரியவராக்கினேன்.

பெரியவரிடம் இருந்தது ஒரே பெயர். முந்தின நாள் சோதனைக்காக நான் அடித்த என் பெயர். சின்னவர் அதைப் பணிவாக வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த அத்தனையையும் துடைத்துவிட்டார்.

சித்தப்பா டைரியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, உம் பேரு மட்டும் இருக்குது. மத்தவங்க?”

“போயிட்டாங்க சித்தப்பா.”

“அத்தன பேருமா?”

சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்ப பந்தி சுளுவா முடிஞ்சுருமுங்க. இவன் ஒருத்தனுக்கு எலை போட்டாப் போதும்.”

சித்தப்பா சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் நானும் அவரும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். போன வீட்டிலெல்லாம், “நம்ம சொந்தத்துல இன்னும் ஆரெல்லாமுங்க இருக்காங்க?” என்று கேட்டு நான் எழுத வேண்டும். தங்களோடு பேசுகிறவர்களை மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள். தொண்டாமுத்தூரில்தான் எனக்கு அது உறைத்தது. அதன்பிறகு, “நீங்க பேசாதவங்க ஆருங்க?” என்றும் கேட்டேன். அந்தப் பட்டியல் கடகடவென்று, வீட்டு அடையாளத்தோடு வந்தது.

அப்படியும் உடுமலைப்பேட்டை அத்தை விட்டுப்போனார். அவர் யாரோடும் ஒட்டியவரும் இல்லை, யாரோடும் சண்டை போட்டவரும் இல்லை. இரண்டு பட்டியலிலும் இடமில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாபகம் வந்து நான் தட்டோடு ஓடினேன். அத்தை வந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்தார், மொய் வைத்தார். சித்தப்பாவோடு மட்டும் இன்றுவரை பேசவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “நெம்பரெல்லாம் போன்லயே இருக்குதுங்க சித்தப்பா. அழைக்கிற லிஸ்ட்ட நானே எடுத்துர்றேனுங்க,” என்றேன்.

அவர் புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

“நீ பந்தியில தண்ணி ஊத்து கண்ணு.”