பிரேக் ஆயிலும் சம்பந்தி மரியாதையும்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. கப்பலில் தங்கள் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் அத்தையும் சுகம். எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் தங்கள் அப்பாவும் அம்மாவும் சுகம். மலைமேல் பள்ளிக்கூட வேலையில் இருக்கும் மகளும் சுகம், தினமும் போனில் பேசுகிறாள். காரும் சுகம் என்று இதே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அது எப்படிச் சுகமானது என்பதை நீங்கள் வேறு யார் வாயாலோ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது எனக்கு நல்லது என்று தங்கள் அத்தை அபிப்பிராயப்படுகிறாள். அவள் அபிப்பிராயப்பட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

கப்பலேறப் போகும் முன் நீங்கள் எங்கள் ஷெட்டில் காரை விட்டுச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். "மாமா, அவளைக் கூட்டிட்டு வர மலைக்குப் போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயிலை மட்டும் மறக்காம மாத்திடுங்க, மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன் மகள் கீழே இறங்கி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பஸ் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டுகிறது என்பதால் கார்தான் போக வேண்டும். அந்தப் பாதையோ தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. ஏறும்போது ஏதோ பிரார்த்தனை செய்துகொண்டு ஏறிவிடலாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுடன் வேலை பார்க்கும் டீச்சர் துணைக்கு இருக்கிறார் என்பதால் நாங்கள் ஓரளவு தைரியமாக இருந்தோம்.

இப்படியிருக்க, தங்கள் அப்பா வந்து இறங்கினார். காபி குடித்துக்கொண்டே நான் சாதாரணமாக, "நாளைக்கு பிரேக் ஆயில் மாத்தக் கொடுக்கணும் சம்பந்தி" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆயுசு முழுக்கக் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பிரிவில் இருந்தவர் அல்லவா. "மூடின குழாய்க்குள்ள இருக்கிற திரவம் எப்படிங்க கெட்டுப்போகும்? நான் ஓட்டின வண்டிக்கு, வாங்கின நாள்லேர்ந்து விக்கிற நாள் வரைக்கும் ஒரே ஆயில்தான். இதெல்லாம் பட்டறைக்காரங்க கட்டி விடுற கதை. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்" என்றார். நான் ஆயுசு முழுக்க மருந்துக் கடையில் நின்றவன். பாட்டிலைக் கையில் எடுத்தால் முதலில் காலாவதித் தேதியைப் பார்க்கும் கண் இது. திறக்காத மருந்தே கெடும்போது, அதுபாட்டுக்குச் சூடாகி ஆறிச் சூடாகி ஆறிக் கிடக்கிற ஆயில் கெடாதா என்று கேட்க வாய் வந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சம்பந்தி" என்றேன். உடனே அவர், "ஐயோ, உங்க இஷ்டப்படியே பண்ணுங்க, நான் சும்மா சொன்னேன்" என்றார். நான், "சேச்சே, உங்க வார்த்தையைத் தாண்டுவேனா" என்றேன். இப்படி ஒருவர் காலை ஒருவர் வாரிவிடாமல் மரியாதையாகவே பல நாள் சண்டை போட்டோம். கார் ஷெட்டிலேயே கிடந்தது.

காருக்குள் இருந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று தங்கள் அம்மா சொன்னார். எடுத்தோம். அதில், அவ்வப்போது பரிசோதிக்கவும், தேவைப்பட்டால் மாற்றவும் என்று போட்டிருந்தது. தங்கள் அப்பா 'தேவைப்பட்டால்' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் 'பரிசோதிக்கவும்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேதான் சனி பிடித்தது. பரிசோதனை என்றால் மருந்துக் கடைக்காரனுக்கு ஒரு முறை இருக்கிறது. தினமும் காலையில் பானெட்டைத் தூக்குவேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறப்பேன். சொட்டு மருந்து ஊற்றுகிற ஃபில்லரால் கொஞ்சம் உறிஞ்சி, ஒரு சின்ன மருந்துக் குப்பியில் விட்டு, தேதி எழுதி ஒட்டி, கூடத்து ஜன்னலில் வரிசையாக வைப்பேன். நாளுக்கு நாள் கறுத்தால் என் கட்சி ஜெயிக்கும் அல்லவா. அது என்னடாவென்றால் முதல் நாளே தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது, கடைசி நாளும் அதே தேயிலைத் தண்ணீர்தான். "பார்த்தீங்களா, மாறவே இல்லை" என்று தங்கள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "முதல் நாளே கெட்டுப்போய்த்தான் இருந்திருக்கு" என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. புது ஆயில் தேன் மாதிரித் தெளிவாக இருக்கும் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இதற்கிடையில் குளியலறைக் கதவு கிரீச்சிட்டது. தங்கள் அத்தை ஜன்னலில் இருந்த ஒரு குப்பியை எடுத்துக் கீலில் ஊற்றிவிட்டாள். "ஏதோ எண்ணெய்தானேன்னு நினைச்சேன்" என்கிறாள். சத்தம் நின்றது. கூடவே, ஆசையாகப் பச்சை அடித்து வைத்திருந்த பெயிண்ட், கீலிலிருந்து தரைவரைக்கும் பாம்பு சட்டை உரித்த மாதிரி சுருண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஷெட்டுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. ஃபில்லரிலிருந்து தினமும் ஓரிரு சொட்டு சிந்திக்கொண்டிருந்தது அல்லவா. ஆகவே மாப்பிள்ளை, தங்கள் காரின் முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு நிறம் சற்று வேறாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நிழல் என்றுதான் தோன்றும். நீங்கள் தூரத்திலிருந்தே பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மகள் போனில் தினமும், "எப்பப்பா வர்றீங்க?" என்பாள். நான், "வந்துட்டே இருக்கோம்மா" என்பேன். தங்கள் அப்பா போனை வாங்கி, "எல்லாம் தயாரா இருக்கும்மா, நீ கவலைப்படாதே" என்பார். ஒரு நாள் தங்கள் அத்தை போனைப் பிடுங்கி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, "அவ வயித்தைத் தள்ளிக்கிட்டு மலை மேல ஒத்தையில உக்காந்திருக்கா. நீங்க ரெண்டு பேரும் இங்க குப்பியில மருந்து கலக்கிக்கிட்டு இருக்கீங்க. உங்க மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வையுங்க" என்றாள். தங்கள் அம்மாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வளைவுகளை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. என் பெண் பின்சீட்டில் இருக்க, நான் மிதித்து பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வேன் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. அதைச் சம்பந்தியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில், "ஆயில் மாத்த வேண்டாம், நீங்க சொன்னபடியே கிளம்பிடலாம்" என்று தோற்றுவிட்டேன். அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. "டயருக்குக் காத்து மட்டும் அடிச்சுக்கிட்டு வந்துடறேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போனார். காற்று அடிக்கப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். சாப்பிடும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சம்பந்தி குளிக்கிற நேரம் பார்த்து, திருடன் மாதிரி காரைத் தள்ளித் தெருவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்டார்ட் செய்து பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் நீட்டி என்னையும் காரையும் பார்த்தார்.

"பிரேக் ஆயில் மாத்தணும். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

"என்ன சார், நேத்துதானே மாத்தினேன்" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். "உங்க சம்பந்திதான் வந்தாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நான் சொல்லலைன்னே வெச்சுக்குங்க."

விஷயம் இதுதான். காற்று அடிக்க வண்டியை எடுத்தவர் கண்ணில், ஸ்டியரிங்குக்கு எதிரே பிரேக் விளக்கு சிவப்பாக எரிவது பட்டிருக்கிறது. அது ஏன் எரிந்தது என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் தினமும் உறிஞ்சி உறிஞ்சி ஜன்னலில் அடுக்கி வைத்ததில் டப்பாவில் மட்டம் இறங்கிவிட்டது. அது தெரியாமல் மனிதர் வெலவெலத்துப் போய் நேராகப் பட்டறைக்கு வந்திருக்கிறார். "எவ்வளவோ சொன்னேன் சார், நிழல்ல உக்காருங்கன்னு. கேக்கலை. ஒவ்வொரு சக்கரத்துகிட்டயும் குனிஞ்சு, பழசு போய்ப் புது ஆயில் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாரு. என் மருமக இறங்கி வர்ற வண்டிப்பா, ஒரு குமிழி காத்து உள்ள இருக்கக் கூடாதுன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு" என்றார் பட்டறைக்காரர்.

அதைக் கேட்டதும் எனக்கும் அதே கதிதான். என் பெண்ணுக்கு நான் ஒருவன்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. அவர் குழாயும் வாரியமும் பேசியதெல்லாம் மேலுக்கு. அடிமனதில் எனக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று பட்டறையில், கிரீஸ் வாடையில் நின்றுகொண்டு நினைத்தேன்.

வந்ததுதான் வந்தோம் என்று, எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று தங்களுக்காகக் கேட்டுவைத்தேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க, ஈரம் ஜாஸ்தியா இருக்கிற ஊர்ல அதைத் தாண்ட விடாதீங்க. இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும் சார். ஈரம் சேர்ந்தா இறக்கத்துல சூடாகிக் கொதிச்சு, பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிடும். ஆனா ஒண்ணு, எவனோ தினமும் மூடியைத் தொறந்து வெச்சிருக்கான் போலிருக்கு, மூடி ஓரமெல்லாம் அழுக்கு. மட்டம் டப்பா வெளியிலேர்ந்தே தெரியுமே, கோடு போட்டிருக்கே, எதுக்குத் தொறக்கணும்? தொறந்து தொறந்தே ஈரத்தை உள்ள விட்டிருக்கான்" என்றார். அந்த எவனோ யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பேப்பர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் நானும் தங்கள் அப்பாவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில் காரை ஓட்டிப் பார்த்தோம். நடுச்சரிவில் அவர் மிதித்தார். ஆணி அடித்த மாதிரி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தீங்களா சம்பந்தி, பழைய ஆயில்தான். எப்படிப் பிடிக்குது" என்றார். நானும், "ஆமாங்க சம்பந்தி, பழைய ஆயிலுக்கு ஈடு வருமா" என்றேன். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆகையால் தங்களுக்கு என் வேண்டுகோள்: அப்பா தனியாகக் கடிதம் எழுதிப் பழைய ஆயிலின் பெருமையைப் பாடினால், தயவுசெய்து நம்பிவிடுங்கள். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவே கூடாது.

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். போகும்போது அவர் ஓட்டுகிறார், வரும்போது நான் ஓட்டுகிறேன். மகளுக்குச் சாய்ந்துகொள்ள நான்கு தலையணை வைத்தாகிவிட்டது. தங்கள் கப்பலுக்கு நல்ல காற்றும், தங்களுக்கு நல்ல உடம்பும், இந்த வீட்டுக்கு ஒரு நல்ல குரலும் வாய்க்க வேண்டும் என்று நாங்கள் நால்வரும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மீது மாறாத அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்ட எச்சில் தொட்ட நேரத்தில் மலையிலிருந்து அந்த டீச்சர் போன் செய்தார். வயிற்றில் இருந்தவள் அவசரக்காரி, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மேலே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலேயே டாக்டரம்மா கையில் வந்து பிறந்துவிட்டாள். பெண் குழந்தை. எடை சற்றுக் குறைவாம், குரலில் ஒரு குறையும் இல்லையாம். தாயும் சேயும் நலம், கொஞ்ச நாளைக்கு இருவரையும் மலையிலிருந்து இறக்கவே வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. கப்பல் கம்பெனி ஆபீசுக்குச் சொல்லிவிட்டோம், இக்கடிதம் வருமுன் தங்களுக்குச் செய்தி வந்திருக்கும். கேட்டதும் தங்கள் அப்பா துள்ளி எழுந்து, "வாங்க சம்பந்தி, புது ஆயில் ஊத்தின வண்டி, பறந்துடலாம்" என்று சாவியை எடுத்தார். சொன்ன பிறகு அவரும் திகைத்தார், நானும் திகைத்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. அவசரத்தில் அவருக்குச் சாவி துளையில் நுழையவில்லை. வாங்கிப் பார்த்தேன், எனக்கும் நுழையவில்லை. தங்கள் அத்தை சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டைப் பூட்டிவிட்டாள். நால்வரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம், எழுத்து கோணியிருப்பது அதனால்தான். வளைவுகள் ஆரம்பித்துவிட்டன. இந்த பஸ்ஸுக்கு பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று தங்கள் அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.